பாயின்ட்டை ரூபாயாக்கிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பயண கிரெடிட் கார்டுகள்

கேள்வி: வங்கியிலிருந்து போன் மேல் போன். டிராவல் கார்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய். 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், சேர்ந்ததும் 5,000 பாயின்ட், வருடத்தில் 8 முறை விமான நிலைய லவுஞ்ச், 5 லட்சம் செலவழித்தால் அடுத்த வருடம் கட்டணம் கிடையாது. என் மாதச் செலவு 25,000. வருடத்துக்கு இரண்டு தடவை திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய் வருகிறேன். எடுக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் கட்டணம். 5,000 என்று போனில் சொன்னாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில்லில் 5,900 வரும். இனி வரவெல்லாம் இந்த 5,900-ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

25,000 செலவு முழுவதற்கும் பாயின்ட் ஏறாது. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது ஆகியவற்றைப் பெரும்பாலான கார்டுகள் ஒதுக்கிவிடுகின்றன. பெட்ரோலுக்கு 4,000, வாடகைக்கு 6,000 போனால் மிச்சம் 15,000. அதற்கு 400 பாயின்ட், வருடத்துக்கு 4,800. இதிலும் கொஞ்சம் கழியும். ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகத்தான் 150-ஆல் வகுப்பார்கள். 290 ரூபாய் பில்லுக்கு 4 பாயின்ட்தான்; மீதி 140 ரூபாய் கணக்கிலேயே வராது. சில்லறைச் செலவு அதிகமுள்ளவர்களுக்கு இந்த இழப்பு சின்னதல்ல.

அடுத்து, ஒரு பாயின்ட் எத்தனை பைசா? அதை வங்கியின் விதிமுறைத் தாளில் தேடுங்கள். போனில் பேசுகிறவரைக் கேட்டுப் பயனில்லை. ஒரே பாயின்ட்டுக்கு வங்கியின் பயணத் தளத்தில் 50 பைசா, பரிசுப் பொருள் பட்டியலில் 20 பைசா என்று வேறு வேறு மதிப்பு இருக்கும். குக்கருக்கும் கைப்பைக்கும் மாற்றுவது பெரும்பாலும் நஷ்டம். 50 பைசா என்றே எடுத்துக்கொள்வோம். 4,800 பாயின்ட் 2,400 ரூபாய். முதல் வருடம் சேர்க்கை பாயின்ட்டுக்கு இன்னொரு 2,500.

லவுஞ்சுக்கு எவ்வளவு போடுவது? வாசலில் காசு கொடுத்து நுழைந்தால் என்ன விலையோ அதைப் போட்டுக் காட்டுவது விற்பவரின் கணக்கு. கார்டு இல்லாவிட்டால் அங்கே டீ, டிபனுக்கு நீங்கள் என்ன செலவழித்திருப்பீர்களோ அதைத்தான் போட வேண்டும். இரண்டு தடவை போய்வந்தால் நான்கு முறை விமானம் ஏறுகிறீர்கள். ஒரு முறைக்கு 300 என்றால் 1,200. எட்டு முறை என்று கொடுத்தாலும் உங்களுக்குப் பயன்படுவது நான்குதான். முந்தின மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்ற நிபந்தனையைப் பல வங்கிகள் வைத்துவிட்டன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் 2,400, 2,500, 1,200 சேர்ந்து 6,100. கட்டணம் போக 200 ரூபாய் மிச்சம். இரண்டாம் வருடம் சேர்க்கை பாயின்ட் இல்லை. வரவு 3,600, கட்டணம் 5,900. கையிலிருந்து 2,300 போகிறது.

கணக்கு இதோடு முடியவில்லை. கட்டணமே இல்லாமல் 1 சதவீத கேஷ்பேக் தரும் கார்டில் அதே 15,000-ஐப் போட்டால் வருடத்துக்கு 1,800 சும்மா வந்திருக்கும். உங்கள் டிராவல் கார்டு 150 ரூபாய்க்கு 2 ரூபாய் தருகிறது. கேஷ்பேக் கார்டு ஒன்றரை ரூபாய் தரும். வித்தியாசம் 50 பைசா. கட்டணத்தில் லவுஞ்ச் போக மீதி 4,700-ஐ இந்த 50 பைசாவை வைத்து ஈடுகட்ட 14 லட்சத்துக்கு மேல் செலவழிக்க வேண்டும்!

5 லட்சம் தாண்டினால் கதை வேறு. கட்டணம் போய்விடும், கார்டு லாபம்தான். ஆனால் அந்த 5 லட்சம் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு வாங்கும் சாமான் என்று எப்படியும் ஆகப்போகிற செலவாக இருக்க வேண்டும். பெட்ரோலையும் வாடகையையும் இந்த 5 லட்சத்திலும் சேர்ப்பதில்லை என்பது பலருக்குப் பில் வந்த பிறகே தெரிகிறது. உங்கள் செலவுக்கு இந்தக் கார்டு வேண்டாம்.

கேள்வி: பாயின்ட்டை விமான கம்பெனியின் மைலாக மாற்றினால் இரண்டு மடங்கு மதிப்பு என்கிறார்களே?
– வாசகி, களியக்காவிளை

பதில்: சில சமயம் உண்மை, பல சமயம் இல்லை. மைல் என்பது விமான கம்பெனி தரும் பாயின்ட்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைலில் எடுத்தாலும் நீங்கள் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை, அந்த டிக்கெட்டுக்குக் கேட்கும் மைலால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு வரும்.

உதாரணத்துக்கு, சென்னை டிக்கெட் 4,200. மைலில் எடுத்தால் 5,000 மைலும் 1,250 ரூபாயும். 4,200-இல் 1,250 போக 2,950. ஒரு மைலுக்கு 59 பைசா. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வங்கி 2 பாயின்ட்டுக்கு 1 மைல்தான் தருகிறது என்றால் கார்டு பாயின்ட்டுக்கு 29½ பைசா. வங்கித் தளத்தின் 50 பைசாவே மேல். அதே டிக்கெட் 3,000-க்குக் கிடைக்கும் நாளில் மைலின் மதிப்பு 35 பைசாவாகிவிடும்.

அந்த வரிப் பகுதியை லேசாக நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பயணிகள் கட்டணம் 2024 ஜூலையில் உள்நாட்டுக்கு 770, வெளிநாட்டுக்கு 1,540 ரூபாய் என்று உயர்ந்தது. மைல் டிக்கெட்டுக்கும் இது ரொக்கமாகத்தான் போகும்.

வங்கித் தளத்திலும் கண் வேண்டும். விமான கம்பெனியின் சொந்தத் தளத்தில் 4,200 இருக்கும் டிக்கெட் அங்கே 4,600 காட்டினால், 9,200 பாயின்ட் கொடுத்து 4,200 ரூபாய்ப் பொருளை வாங்குகிறீர்கள். 50 பைசா 46 பைசாவுக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள்.

மைலைச் சேர்த்து வைப்பதும் நல்லதல்ல; கம்பெனியே இல்லாமல் போகலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. வங்கிக் கணக்கில் பாயின்ட்டாகவே கிடக்கட்டும். டிக்கெட் கிடைக்கிறது என்று உறுதியான பிறகு மாற்றுங்கள். மாற்றிவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

கேள்வி: மாதம் ஒருமுறை பொதிகையில் சென்னை போய்வருகிறேன். ரயில் கார்டு பிரயோஜனமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரயில் கார்டுகளின் பெரிய பாயின்ட் ஏசி வகுப்புகளுக்கும் சேர் காருக்கும்தான். ஸ்லீப்பருக்குப் பெயருக்கு ஏதோ ஏறும். மூன்றாம் ஏசியில் டிக்கெட் 1,100 என்று வைத்தால், வருடம் 24 டிக்கெட்டுக்கு 26,400. 10 சதவீதம் திரும்பினால் 2,640. 500 ரூபாய் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 590 போக 2,000 தேறும். விமானமே ஏறாத செங்கோட்டைக்காரருக்கு மேலே சொன்ன 5,000 ரூபாய் கார்டைவிட இதுதான் பொருத்தம்.

இரண்டு விஷயம் மட்டும். ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி டிக்கெட்டுக்கு வசதிக் கட்டணம் கார்டில் 30 ரூபாய், யுபிஐ-யில் 20, ஜிஎஸ்டி தனி. அந்தப் பத்து ரூபாயையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் ஏறிய பாயின்ட் இறங்கும், வசதிக் கட்டணம் திரும்பாது. ஸ்லீப்பர் பயணி என்றால் இந்தக் கார்டை மறந்துவிடுங்கள்.

கேள்வி: பயணச் செலவுக்கு ஐந்து மடங்கு பாயின்ட் என்றார்கள். பஜாரில் ஒரு கடையில் பஸ் டிக்கெட், விமான டிக்கெட் இரண்டும் கார்டில் எடுத்தேன். சாதாரண பாயின்ட்தான் ஏறியிருக்கிறது.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. அந்த ஸ்வைப் மெஷின் எந்த வியாபாரத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அதற்குரிய நாலு இலக்க எண்ணை (எம்சிசி) வைத்துத்தான் பாயின்ட் போடுவார்கள். விமான கம்பெனி 4511, பயணிகள் ரயில் 4112, பஸ் 4131, டிராவல் ஏஜென்சி 4722, ஓட்டல் தங்கும் அறை 7011. ஜெராக்ஸ், ரீசார்ஜ், டிக்கெட் மூன்றும் பார்க்கும் கடையில் மெஷின் ஸ்டேஷனரியின் பெயரில் இருக்கலாம். வங்கிக்கு அந்தப் பரிவர்த்தனையின் தேதியையும் தொகையையும் கொடுத்து எம்சிசி எண் என்ன என்று எழுதிக் கேளுங்கள். எண் தவறு என்றால் இனி பெரிய டிக்கெட்டை விமான கம்பெனியின் தளத்திலேயே எடுங்கள்.

கேள்வி: ஷார்ஜாவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். டிராவல் கார்டையே அங்கே தேய்க்கலாமா? குமுளியில் கடைக்காரர்கள் கார்டுக்கு 2 சதவீதம் கூடக் கேட்கிறார்கள், அங்கேயும் அப்படித்தானா?
– வாசகி, குமுளி

பதில்: அங்கே கூடப் பிடிப்பது உங்கள் வங்கிதான். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணமான மார்க்அப் வழக்கமாக 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13. லட்ச ரூபாய்க்கு 4,130 போய், முதல் கேள்வியில் சொன்ன கார்டு என்றால் 1,333 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் வரும். டிராவல் என்று பெயர் இருந்தாலும் மார்க்அப் குறைந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2 சதவீதம் பிடிக்கும் கார்டுகளும் உண்டு, ஜிஎஸ்டியோடு 2.36. வெளிநாடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான், லவுஞ்ச் அப்புறம்.

புறப்படும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020-லிருந்து கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தபடிதான் வருகின்றன. கடை மெஷின் திர்ஹமா, ரூபாயா என்று கேட்டால் திர்ஹத்தை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர் வைத்த மாற்று விகிதம் விழும், அதற்கு மேலும் உங்கள் வங்கி பிடிக்கலாம். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போடவே போடாதீர்கள். வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும்.

குமுளிக் கடைகளில் 2 சதவீதம் கேட்டால் ரொக்கமோ யுபிஐ-யோ கொடுங்கள். 1.33 சதவீதம் வாங்க 2 கொடுப்பானேன்?

கேள்வி: பழைய கார்டை மூடச் சொல்லி எழுதினேன். ‘கட்டணத்தைக் குறைக்கிறோம்’ என்று இழுக்கிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாக்கி ஏதும் இல்லையென்றால், கேட்டதிலிருந்து 7 வேலை நாளில் வங்கி கார்டை மூட வேண்டும். தாமதித்தால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதி இது. ஈமெயிலில் எழுதி, புகார் எண் வாங்கி வையுங்கள். எழுதும் முன் பாயின்ட்டை முழுவதும் செலவழித்துவிடுங்கள், மூடியபின் அது பெரும்பாலும் கிடைக்காது. கட்டணக் குறைப்பை அவர்கள் எழுத்தில் தந்தால் மட்டும் யோசிக்கலாம்.