அஸ்பிரின் போடும் நண்பர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பி,

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். திருகோணமலையில் 1974ஆம் ஆண்டு ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எடுத்த பட்ச். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை, எழுதினால் ஊரில் பாதிப்பேருக்கு ஆட்கள் யாரென்று விளங்கிவிடும்.

2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது லண்டனில் இருக்கும் ஒருவன் வட்ஸ்அப்பில் எங்களுக்கென்று ஒரு குறூப் தொடங்கினான். டொரொன்டோ, சிட்னி, சென்னை, கொழும்பு, கிண்ணியா, அப்புறம் ஊரில் மிஞ்சிய நாங்கள் சிலர். பள்ளிக்கூடம் விட்டபிறகு முகமே பார்க்காதவர்கள் எல்லாம் கதைத்தோம். யார் ஊசி போட்டது, யாருக்குக் காய்ச்சல், யாருடைய மனைவி ஆஸ்பத்திரியில் என்று ஒவ்வொரு நாளும் செய்தி வரும். இப்போது கொரோனா போய்விட்டது, குறூப் போகவில்லை. விடிந்தால் வெந்தயம், மஞ்சள், கருஞ்சீரகம், மாரடைப்பு வந்தால் இருமச் சொல்லும் வீடியோ.

என் பிரச்சினை இது. கொரோனா ஊசி செய்த அஸ்ட்ராசெனெகா நிறுவனமே கோர்ட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது, ஊசி போட்டவர்களுக்கெல்லாம் இரத்தம் உறையும் என்று 2024இல் ஒரு செய்தி குறூப்பில் வந்தது. நிலாவெளியில் இருக்கும் எங்கள் நண்பன் ஒருவன் பயந்துபோய், அன்றிலிருந்து பார்மசியில் தானாகவே அஸ்பிரின் வாங்கித் தினமும் போடுகிறான். டொக்டரிடம் கேட்கவில்லை. லண்டன்காரன் “நானும் கனகாலமாகப் போடுகிறேன், நல்ல குளிசை” என்று எழுதிவிட்டான். அவனுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அது வேறு கதை. நான் மறுத்து எழுதினேன். “நீ என்ன டொக்டரா” என்று கேட்டார்கள், சிலர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பேசாமல் குறூப்பை விட்டு விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.,
உப்புவெளி

அன்புள்ள அண்ணா,

விலகுவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த நிலாவெளி நண்பரின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர் போட்டது அஸ்ட்ராசெனெகாவாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது என் ஊகம். இலங்கையில் 2021 ஜனவரி 29ஆம் திகதி ஊசி போடத் தொடங்கியபோது கையில் இருந்தது இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த ஐந்து இலட்சம் கொவிஷீல்ட், அதுதான் அஸ்ட்ராசெனெகா. முதலில் சுகாதாரப் பணியாளர்கள், படையினர், பொலிசார், பிறகு மேல் மாகாணத்தில் பொதுமக்கள் என்று போய்க்கொண்டிருந்தபோதே இந்தியாவில் டெல்டா அலை எழும்பியது, ஏற்றுமதி நின்றது, முதல் ஊசி போட்ட சுமார் ஆறு இலட்சம் பேர் இரண்டாவதற்கு ஆவென்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஜப்பான் கொடுத்துத்தான் அந்தக் கடன் தீர்ந்தது. இதற்கிடையில் சீனாவிலிருந்து சினோபார்ம் வந்து இறங்க, நாட்டில் பெரும்பாலானோருக்குப் போட்டது அதுதான், நம் மாவட்டத்திலும் சாதாரண சனம் வரிசையில் நின்று வாங்கியது பெரும்பாலும் அதுதான். சினோபார்ம் பழைய முறையில் செய்த ஊசி, வைரஸைக் கொன்று அதையே உடம்புக்குக் காட்டுகிறது. லண்டன் கோர்ட் வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அட்டையில் சினோபார்ம் என்று இருந்தால், உங்கள் நண்பர் போடாத ஊசிக்குப் பயந்து தேவையில்லாத குளிசை போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, அட்டையில் கொவிஷீல்ட் என்றே இருக்கட்டும். அந்த இரத்த உறைவு பொய் இல்லை. ஊசியால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள், வழக்குப் போட்டவை அவர்களுடைய குடும்பங்கள்தான், அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது. ஆனால் அது 2024இல் யாரோ கண்டுபிடித்த இரகசியமும் இல்லை. 2021 மார்ச், ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் வைத்தியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இளவயதினருக்குத்தான் கூடுதலாக வருகிறது என்று பார்த்து பிரிட்டன் அந்த ஏப்ரலில் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி என்றது, மே மாதத்தில் அந்த வயதை 40 ஆக்கியது. அவுஸ்திரேலியா ஜூன் மாதத்தில் 60 என்று வரம்பு வைத்தது. உங்கள் சிட்னி நண்பருக்கு இது நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். கோர்ட்டில் நிறுவனம் சொன்னது, மிக அரிதாக இப்படி நடக்கலாம் என்பது. மருந்தோடு வரும் விபரத்தாளில் 2021இலேயே ஏறிவிட்ட விஷயம் அது. பத்திரிகைத் தலைப்பில் ‘அரிதாக’ சுருங்கிப்போனது, வட்ஸ்அப்புக்கு வந்துசேரும்போது அந்தச் சொல்லே இல்லை.

நீங்கள் கணக்கு வாத்தியார், உங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. பிரிட்டனின் கணக்குப்படி முதல் ஊசிக்கு 50 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒருவர், இளையவர்களில் 50 ஆயிரத்தில் ஒருவர். வந்தவர்களுக்கும் பெரும்பாலும் ஊசி போட்டு நாலைந்து கிழமைக்குள் வந்துவிட்டது. மூன்று வருசம் கழித்து நிலாவெளியில் ஒருவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய், உறைதலுக்கான நம்முடைய சொந்த அணுக்களையே உசுப்பிவிடுவதால் வருகிற உறைவு. தினம் ஒரு அஸ்பிரின் அதற்கு மறியல் போடாது.

அப்படியென்றால் அஸ்பிரின் சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியாது. லண்டன் நண்பருக்கு ஸ்டென்ட் இருக்கிறது, அவர் அதைப் போடத்தான் வேண்டும், தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால்தான் ஆபத்து. மாரடைப்போ பக்கவாதமோ வந்துபோனவர்களுக்கும் அநேகமாக அப்படித்தான். ஆனால் இருதய வருத்தமே இல்லாத ஒருவர் 60 வயது தாண்டியபிறகு முற்காப்பு என்று புதிதாக அஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. காரணம் இரத்தக்கசிவு, வயிற்றிலும் குடலிலும், சிலவேளை மூளையிலும். வயது ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் குறூப்பில் எழுதிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் இருந்துகொண்டு அஸ்பிரினைப் பற்றிப் பேசும்போது டெங்குவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, சாவு வீடுகள். அந்த ஒரு வருசத்தில் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு. டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் இரத்தத்தட்டுகள் இறங்கும்போது உள்ளே அஸ்பிரின் இருந்தால் கசிவு கட்டுக்கடங்காமல் போகலாம், அதனால்தான் காய்ச்சல் என்றால் பனடோலை மட்டும் போடு, அஸ்பிரினையும் புரூஃபனையும் தொடாதே என்று பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வீடு வீடாகத் தொண்டை கிழியச் சொன்னார்கள். மாரி மழை தொடங்கி முற்றத்துச் சிரட்டையில் தண்ணீர் தேங்கும் காலத்தில், தேவையில்லாமல் தினமும் அஸ்பிரின் போட்டுக்கொண்டு இருக்கிற மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று லண்டனில் இருப்பவர் யோசித்திருக்க நியாயமில்லை. அவருடைய ஊரில் டெங்கு இல்லை.

இங்கேதான் உங்கள் குறூப் எந்த இடத்தில் தடம் மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. 2021இல் நீங்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொன்னீர்கள். எனக்கு இன்றைக்கு ஊசி போட்டார்கள், இராத்திரி குளிர் காய்ச்சல், காலையில் சரி, கை மட்டும் நோகிறது. இப்படி எழுதுகிற ஒருவன் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, ஆனால் அதை வாசித்துத்தான் எத்தனையோ பேர் பயம் தெளிந்து ஊசி போடப் போனார்கள். அமைச்சு ஒட்டிய சுவரொட்டியைவிட, வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையடா” என்று எழுதிய ஒரு வரிக்கு வலு கூட. ஊருக்கு ஊர் நிலைமை வேறு என்பதும் அப்போது எல்லாருக்கும் விளங்கியிருந்தது. பிரிட்டனில் இரண்டு ஊசிக்கு நடுவே 12 கிழமை, இங்கே சினோபார்முக்கு நாலு கிழமை. அங்கே 2020 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டார்கள், இங்கே கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு சனம் முண்டியடித்துக்கொண்டிருந்தது, அதைக் குடித்த சுகாதார அமைச்சருக்கே பிறகு கொரோனா வந்தது. சினோபார்ம் போட்டவர்களை முழுமையாக ஊசி போட்டவர்களாக பிரிட்டன் 2021 நவம்பர் 22இல்தான் ஏற்றது, கனடா நவம்பர் 30இல். அதுவரைக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இருந்தவர்கள் உங்கள் குறூப்பிலும் இருந்திருப்பார்கள்.

பிறகு செய்தி தீர்ந்துபோனது, ஆலோசனை தொடங்கியது. 70 வயதில் நமக்கெல்லாம் பிரஷரும் சீனி வருத்தமும் கொலஸ்ட்ரோலும் இருக்கிறது, ஆனால் “எனக்கு இன்றைக்கு சீனி 240” என்று ஒருவரும் எழுதுவதில்லை, வெந்தயத்தைப் பற்றி எழுதுகிறோம். தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வெட்கம், மற்றவன் உடம்புக்கு மருந்து சொல்ல வெட்கமில்லை.

உங்கள் கடிதத்தில் கிண்ணியா என்ற பெயரைப் பார்த்ததும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இறந்தவரைப் புதைக்கிற முஸ்லிம் மக்கள் பெரும்பாலாக வாழும் ஊர் அது. 2020 சித்திரையிலிருந்து அடுத்த வருசம் மாசி வரைக்கும் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். பிறகு அனுமதித்தபோதும் வெகுகாலத்துக்கு ஓட்டமாவடியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், கிண்ணியாவில் இறந்தவரை மூதூர், வாகரை தாண்டி அங்கே கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள், பயம் நோய்க்கு அல்ல. அந்த மாதங்களில் உங்கள் கிண்ணியா நண்பர் குறூப்பில் ஏதாவது எழுதினாரா? எழுதியிருந்தால் மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? எழுதாமல் இருந்திருந்தால் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டார்களா? நான் குற்றம் சொல்லவில்லை, அரசாங்கம் 2024இல் மன்னிப்புக் கேட்டது, அது வேறு விஷயம். யார் ஊசி போட்டது என்று ஒவ்வொரு நாளும் கேட்ட ஒரு வகுப்புக்கு இந்தச் செய்தியும் வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வி. விலக வேண்டாம். விலகினால் “க. கோபித்துக்கொண்டு போய்விட்டான்” என்று இரண்டு நாள் பேசுவார்கள், நிலாவெளி நண்பர் மூன்றாம் நாளும் அஸ்பிரின் போடுவார். குறூப்பில் இணைப்புகளைப் போட்டு வாதாடவும் வேண்டாம். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க 70 வயதில் ஒருவன் “நான் பிழையாக விளங்கிவிட்டேன்” என்று சொல்லமாட்டான், நீங்களும் சொல்லமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறிப் போங்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள். பிரஷர் குளிசை, ஆயுர்வேதச் சூரணம், மகள் கனடாவிலிருந்து அனுப்பிய விட்டமின் எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். டொக்டர் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். அதுவரைக்கும் ‘அஸ்பிரினை நிறுத்து’ என்று நீங்களும் கட்டளை போடாதீர்கள். அவருக்கு முன்பு எப்போதாவது நெஞ்சுவலி வந்து உங்களுக்குச் சொல்லாமல் விட்டாரா என்று நமக்கு எப்படித் தெரியும். வரிசை நீளமாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் கதைப்பதற்கு அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

குறூப்பில் நடக்க வேண்டியது ஒன்றுதான், அதையும் நீங்கள் செய்யத் தேவையில்லை. லண்டன் நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். “எனக்கு ஸ்டென்ட் வைத்ததால் டொக்டர் எழுதித் தந்த குளிசை இது, அப்படி எழுதித் தராத யாரும் போடாதீர்கள்” என்று அவரே இரண்டு வரி எழுதட்டும். நிலாவெளிக்காரர் நம்பியது அவருடைய சொல்லைத்தான். உங்களுக்கும் லண்டனுக்கும் நேரம் நாலரை, ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம் என்பதால் விடியற்காலையில் எடுத்துவிடாதீர்கள், பின்னேரம் எடுங்கள், அவரும் ஓய்வுபெற்றவர்தானே, வீட்டில்தான் இருப்பார்.