ஹீமோகுளோபின் குறைவால் திரும்பி வந்தவர் மீண்டும் எப்போது இரத்தம் கொடுக்கலாம்?

கேள்வி: நான் 32 வயதுப் பெண்; எடை 48 கிலோ. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இரத்ததான முகாமில் ஹீமோகுளோபின் 11.8 என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீண்டும் எப்போது கொடுக்கலாம்? நான் கொடுக்கும் ஒரு பை யாருக்குப் பயன்படும்?

பதில்: இரத்தம் கொடுப்பவருக்கு டெசிலிட்டருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பெண்களுக்கு அது 12-க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்பதால், உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் உங்கள் நலனைத்தான் பார்த்திருக்கிறார்கள். மருத்துவரிடம் சென்று, மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கா, குடற்புழுவா, உணவில் இரும்புச்சத்துக் குறைவா என்று முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்.

அவர் இரும்புச்சத்து மாத்திரை பரிந்துரைத்தால், பலருக்கு ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறும். ஆயினும் அளவு சரியான பின்பும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது வழக்கம். அதையும் முடித்துவிட்டுக் கொடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன். காபித் தோட்டத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்வது சற்றுக் கடினம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்: காபியும் தேநீரும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுப்பதால், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவை அந்த உறிஞ்சுதலைக் கூட்டும்.

உங்கள் எடைக்கு 350 மில்லி மட்டுமே எடுப்பார்கள். இரத்தக் கூறுகளைப் பிரிக்கும் வசதியுள்ள வங்கியில் அது சிவப்பணு, பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி), தட்டணு (இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எனப் பிரிக்கப்படும். குளிரில் வைத்த சிவப்பணுக்கள் 42 நாள் வரை தாங்கும்; பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்கும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயுள்ள குழந்தைக்கும் அவையே உயிர்நாடி. பிளாஸ்மாவை உறைய வைத்து ஓராண்டு வரை பாதுகாக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குத் தேவைப்படும் தட்டணுக்களோ ஐந்தே நாள்தான் இருக்கும்; இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும் என்பதால், மலையில் முகாம் நடத்துவோர் பைகளைத் தாமதமின்றிச் சேலத்தில் உள்ள இரத்த வங்கிக்குக் கொண்டுசேர்ப்பது மிக முக்கியம்.

மாதவிடாய் நாட்களில் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தபின் பெண்களுக்கு 120 நாள் இடைவெளி தேவை. சிலருக்குத் தலைச்சுற்றல் சற்றுத் தாமதமாகவும் வரலாம் என்பதால், சேலத்தில் கொடுத்தாலும் ஏற்காட்டில் கொடுத்தாலும், அன்று அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்களே வண்டி ஓட்டாமல் பேருந்திலோ துணையுடனோ பயணம் செய்யுங்கள்.