மோட்டாரில் 2.8 வோல்ட் என்று இருக்கிறது, 24 கொடுக்கலாமா? ஸ்டெப்பர், டிரைவர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நீமா 17 மோட்டார் இருக்கிறது. எந்த டிரைவர் வாங்கலாம்?

ஸ்டெப்பர் என்பது ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் மோட்டார், டிரைவர் என்பது அதன் காயில்களுக்கு (கம்பிச்சுருள்) மின்னோட்டம் அனுப்பும் போர்டு. நீமா 17 என்பது மோட்டாரின் முகப்புத் தகட்டின் அளவு மட்டும்தான், ஒரு பக்கம் 1.7 அங்குலம், ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். அதே அளவில் 0.4 ஆம்பியர் மோட்டாரும் உண்டு, 2 ஆம்பியர் மோட்டாரும் உண்டு. லேபிளில் ஒரு காயிலுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் டிரைவர். 1 ஆம்பியர் வரை ஏ4988 போதும். 1.5, 1.7 என்று போனால் டிஎம்சி2209 அல்லது டிஆர்வி8825, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டி, சின்ன விசிறியும் வைத்து. நீமா 23-இல் 3 ஆம்பியர் மோட்டார் என்றால் இந்தச் சின்ன போர்டுகளை மறந்துவிட்டு டிஎம்542 மாதிரி தனிப்பெட்டியாக வருவதை வாங்குங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள். காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால் எழும் வோல்டேஜ் டிரைவரைக் கொன்றுவிடும். என் முதல் டிரைவர் அப்படித்தான் போனது.

கேள்வி: என் மோட்டார் 2.8 வோல்ட், 1.68 ஆம்பியர். 24 வோல்ட் சப்ளை கொடுத்தால் எரியாதா?

எரியாது. 2.8 என்பது காயிலின் 1.65 ஓம் ரெசிஸ்டன்ஸையும் 1.68 ஆம்பியரையும் பெருக்கி வந்த எண். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருந்தால் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

கேள்வி: எல்எல்298என் என்னிடம் சும்மா கிடக்கிறது, அதையே போடலாமா?

எல்298என் என்று சொல்ல வருகிறீர்கள். அந்தச் சிவப்பு போர்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது, வேண்டாம்.

கேள்வி: (2.8 வோல்ட் கேட்டவர்) மன்னிக்கணும், ஒப்புக்கொள்ள முடியவில்லை. 24-ஐ 1.65-ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல் வருகிறதே!

கணக்கு சரி, அந்த 14 ஆம்பியரை எட்ட விட்டால்தான் அது நடக்கும். காயில் ஒரு இண்டக்டர், மின்னோட்டம் அதில் மெல்லத்தான் ஏறும். 1.68-ஐத் தொட்டதும் டிரைவர் சுவிட்சை அணைக்கும், கொஞ்சம் இறங்கியதும் போடும், இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. இதற்குத்தான் சாப்பர் டிரைவர் என்று பெயர்.

கேள்வி: (இன்னொருவர்) அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பாக 5 வோல்ட்டிலேயே ஓட்டினால் என்ன நஷ்டம்?

வேகம்தான் நஷ்டம். மின்னோட்டம் ஏறுவதைக் காயில் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் இண்டக்டன்ஸ், இந்த மோட்டாருக்கு அது 2.8 மில்லிஹென்றி என்று வையுங்கள். நொடிக்கு 5 சுற்று ஓட்டினால், சுற்றுக்கு 200 ஸ்டெப் வீதம், ஒரு ஸ்டெப்புக்குக் கிடைப்பது 1 மில்லிசெகண்ட். 24 வோல்ட்டில் மின்னோட்டம் சுழியிலிருந்து 1.68-க்கு ஏற 0.2 மில்லிசெகண்ட் போதும். 5 வோல்ட்டில் 1.4 மில்லிசெகண்ட் ஆகும். முழு மின்னோட்டம் வருவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடுகிறது, டார்க் (திருப்பு விசை) விழுந்து, மோட்டார் கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே அதிரும். பலர் மோட்டார் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது இதைப் பார்த்துத்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சப்ளை வோல்டேஜின் மேல் வரம்புக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குங்கள். இங்கே 53 வோல்ட் வரும். ஆனால் டிரைவர் எவ்வளவு தாங்கும் என்பது தனி: ஏ4988-க்கு 35, டிஎம்சி2209-க்கு 29.

கேள்வி: (2.8 வோல்ட் கேட்டவர்) சரி, புரிகிறது. அந்த 1.68-ஐ டிரைவருக்கு எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி. ஏ4988 போர்டில் சின்ன திருகு பொடென்ஷியோமீட்டர் இருக்கும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை முதலைக் கிளிப்பால் ஸ்க்ரூடிரைவர் தண்டில் மாட்டி, கறுப்பைக் கிரவுண்டில் வைத்துத் திருகினால் வோல்டேஜ் மாறுவது அப்படியே தெரியும். வேண்டிய ஆம்பியர் பெருக்கல் 8 பெருக்கல் சென்ஸ் ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தை அளக்க போர்டில் இருக்கும் ரெசிஸ்டர்) ஓம், அதுதான் வைக்க வேண்டிய வோல்டேஜ். அந்த ரெசிஸ்டரைப் பார்க்காமல் திருகாதீர்கள். சிப்புக்குப் பக்கத்தில் ஆர்100 என்றிருந்தால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05. 1 ஆம்பியருக்கு முதலாவதில் 0.8 வோல்ட், இரண்டாவதில் 0.4. யாரோ எழுதியதைப் பார்த்து ஆர்050 போர்டில் 0.8 வைத்தால் 2 ஆம்பியர் ஓடும். டிஆர்வி8825-இல் 8-க்குப் பதில் 5. உங்கள் 1.68-க்கு ஏ4988-ஐ விசிறி இல்லாமல் நம்பாதீர்கள்.

கேள்வி: நீமா 17-க்கு எந்த டிரைவர்?

மேலே முதல் பதில். ஆம்பியர் சொல்லாமல் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: சர்வோவுக்கும் இதே கணக்கா?

இல்லை. அது வேறு துறை, சர்வோ தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து ஒயர் வரும் சின்ன 28பிஒய்ஜே-48-ஐ ஏ4988-இல் மாட்டலாமா?

அப்படியே மாட்ட முடியாது. அது யூனிபோலார் (காயில்களின் நடுவிலிருந்து பொது ஒயர் வரும் வகை), யுஎல்என்2003 டிரைவர் போர்டும் 5 வோல்ட்டும் போதும்.

கேள்வி: நாலு ஒயரில் எது எதோடு ஜோடி?

டிரைவரில் மாட்டும் முன் ஏதாவது இரண்டைச் சேர்த்துப் பிடித்து, தண்டைக் கையால் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் அது ஒரே காயில். அப்புறம் இணைப்பிகளை இறுக்கமாக மாட்டுங்கள், ஓடும்போது அதிர்வில் கழன்றாலும் டிரைவர் போய்விடும்.

கேள்வி: (2.8 வோல்ட் கேட்டவர்) 24 வோல்ட்டில் டிஎம்சி2209 போட்டு ஓட்டிவிட்டேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுகிறது. வோல்டேஜைக் குறைக்கவா?

வோல்டேஜைத் தொடாதீர்கள். பல மோட்டார்களுக்கு மேற்பரப்பு 80 டிகிரி வரை பிரச்சினை இல்லை, கைக்கு 60-லேயே தாங்காது. முதலில் மின்னோட்ட அமைப்பைப் பாருங்கள், டிஎம்சியில் நீங்கள் கொடுக்கும் எண் பெரும்பாலும் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் மின்னோட்டத்தின் ஒருவகைச் சராசரி), உச்சம் அதைவிட 1.4 மடங்கு. 1.2 ஆம்பியருக்கு இறக்கிப் பாருங்கள், ஸ்டெப் தவறாமல் ஓடினால் அங்கேயே விட்டுவிடலாம். இறக்கும் முன் பவரை அணைத்துவிட்டு ஒயர்களையும் ஒரு தடவை பாருங்கள்.