இலங்கையில் ஒருவர் எத்தனை தடவை ஜனாதிபதியாகலாம்? மஹிந்த ராஜபக்ஷ மறுபடி வர முடியுமா?

முடியாது. மக்கள் வாக்கால் இரண்டு தடவை தெரிவானவர் மூன்றாம் தடவை போட்டியிட முடியாது என்பதுதான் இன்றைய சட்டம். மஹிந்த 2005, 2010 தேர்தல்களில் வென்றவர். சந்திரிகா 1994, 1999 தேர்தல்களில் வென்றவர். இருவருக்கும் கணக்கு முடிந்துவிட்டது.

இங்கே மக்கள் போட்ட வாக்குத்தான் கணக்கு. 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது பாராளுமன்றம், 134 வாக்குகளால். அது இந்தக் கணக்கில் சேராது. 1999, 2005, 2024 மூன்று தேர்தல்களிலும் அவர் தோற்றார். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருக்கு இரண்டு வாய்ப்பும் அப்படியே மிச்சம் இருக்கிறது! ஒவ்வொரு தடவை மட்டும் வென்ற கோட்டாபய ராஜபக்ஷவுக்கும் மைத்திரிபால சிறிசேனவுக்கும் ஒவ்வொன்று பாக்கி. 2024 இல் வென்ற அநுர குமார திசாநாயக்க இன்னும் ஒரு தடவை கேட்கலாம்.

அப்படியென்றால் மஹிந்தவும் பிரதமராக வந்து, ஜனாதிபதி பதவி காலியாகும்போது மேலே ஏறிவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. 2019 நவம்பரிலிருந்து தம்பி கோட்டாபய ஜனாதிபதியாகவும் அண்ணன் மஹிந்த பிரதமராகவும் இருந்த காலத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வியாக இருக்கவில்லை. ஆனால் பதவி காலியானால் பிரதமர் பதில் கடமைதான் பார்ப்பார். மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றம் தெரிவு செய்கிறவர், ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்படத் தகுதியுள்ள உறுப்பினராக இருக்க வேண்டும். இரண்டு தடவை வென்றவருக்கு அந்தத் தகுதி இல்லை. எனவே அந்த வழியும் அடைபட்டதுதான்.

ஆனால் இந்த வரம்பு இடைவெளியில்லாமல் இருந்துவரவில்லை. 1978 அரசியலமைப்பிலேயே அது இருந்தது; 2010 செப்டம்பரில் 18 ஆவது திருத்தம் அதைத் தூக்கிவிட்டது. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் மஹிந்தவின் கூட்டணிக்கு 144 ஆசனங்கள். 225 பேர் கொண்ட சபையில் மூன்றில் இரண்டு என்றால் 150 வேண்டும். குறைந்த ஆறு பேருக்கு மேலாகவே எதிரணியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். எதிரணியில் தேர்தல் கேட்டு வென்ற முஸ்லிம் காங்கிரஸும் ஆதரித்தே வாக்களித்தது. அவசரச் சட்டமூலமாகக் கொண்டுவந்ததால் பொதுமக்கள் படித்துப் பார்க்கக்கூட அவகாசம் இல்லை. 161 க்கு 17 என்று நிறைவேறியது.

இந்த இடத்தில் எனக்கு இன்றுவரை சீரணிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்ட வேண்டுமானால் மூன்றில் இரண்டு மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பில் மக்களிடமும் கேட்டாக வேண்டும். 83 ஆவது உறுப்புரை அப்படிச் சொல்கிறது. ஏழு வருடம் ஆக்க மக்களைக் கேட்க வேண்டும். ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டியிட விடுவதற்கு 150 கை உயர்ந்தால் போதும். 2010 இல் உயர் நீதிமன்றமும் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பார்கள்) மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை என்றே சொன்னது. பூட்டைப் பெட்டிக்குப் போட்டுவிட்டுச் சாவியை அதன் மேலேயே வைத்த மாதிரி.

2014 கடைசியில் மஹிந்த இரண்டு வருடம் முந்தியே தேர்தலை அறிவித்தபோது, எங்கள் ஊரில் பத்திரிகை வாசிக்கிற எல்லோரும் அரசியலமைப்பு வக்கீலாக மாறிவிட்டார்கள். முன்னாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா ஒரு வாதத்தைக் கிளப்பியிருந்தார்: 2010 ஜனவரியில் இரண்டாம் தடவை வென்ற நிமிடமே மஹிந்த தகுதி இழந்துவிட்டார், செப்டம்பரில் வந்த திருத்தம் போன தகுதியைத் திருப்பித் தராது என்று. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, போட்டியிடத் தடையில்லை என்றது. பிறகு 2015 ஜனவரி 8 அன்று வாக்காளர்களே 51.28 சதவீதத்தால் சிறிசேனவைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2015 ஏப்ரலில் 19 ஆவது திருத்தம் இரண்டு தடவை வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது, பதவிக்காலத்தையும் ஐந்து வருடமாகக் குறைத்தது. ஆதரவு 212, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. வரம்பைத் தூக்கியதும் இதே பாராளுமன்றம்தான்! இடையில் பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அன்று கை தூக்கியவர்களில் பெரும்பாலானோர் இன்றும் தூக்கினார்கள். கொள்கை மாறியது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், ஆள் மாறியதால் வாக்கும் மாறியது.

எத்தனை தடவை என்பதைவிட, காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் அதிகம் வழக்குகள் வந்தன. சந்திரிகா 1999 டிசம்பரில், முதல் பதவிக்காலம் முடிய ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும்போதே தேர்தல் வைத்து வென்று உடனே சத்தியப்பிரமாணம் செய்தார். மிச்சமிருந்த அந்த ஒரு வருடமும் தனக்குச் சேர வேண்டும், 2006 வரை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. 2005 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த வருடம் டிசம்பரோடு முடிகிறது என்றுவிட்டது. மஹிந்த அதைப் பார்த்துப் பாடம் படித்தவர். 2010 ஜனவரியில் வென்றதும் அவசரப்படாமல் நீதிமன்றத்தின் கருத்தை முதலில் கேட்டு, நவம்பர் 19 இல்தான் இரண்டாம் தடவை பதவியேற்றார். சிறிசேனவும் 2018 இல் ஆறு வருடம் இருக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். ஐந்துதான் என்று பதில் வந்தது.

தகுதி விஷயத்திலும் இதே கதை. 19 ஆவது திருத்தம் குறைந்த வயதை 30 இலிருந்து 35 ஆக்கியது, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களைத் தடுத்தது. கோட்டாபய 2019 இல் தேர்தல் கேட்க அமெரிக்கப் பிரஜாவுரிமையைக் கைவிட்டதன் காரணம் அதுதான். 2020 அக்டோபரில் 20 ஆவது திருத்தம் அந்தத் தடையை நீக்க, அடுத்த ஜூலையில் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ள இன்னொரு சகோதரர் பசில் ராஜபக்ஷ பாராளுமன்றத்துக்குள் வந்தார். 2022 அக்டோபரில் 21 ஆவது திருத்தம் தடையை மறுபடி போட்டது. ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கும்.

தமிழர் ஒருவர் ஜனாதிபதியாகலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் இனத் தடையோ மதத் தடையோ இல்லை. 1982 இலேயே குமார் பொன்னம்பலம் போட்டியிட்டார், 2024 இல் அரியநேத்திரன் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். வெல்வதற்குத் தேவையான எண்ணிக்கை வேறு விஷயம்.

இப்போதைய அரசு நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பதாக வாக்குறுதி தந்து வந்தது. அப்படி நடந்தால் அதிகாரம் பிரதமரிடம் போகும். பிரதமருக்கு இலங்கையில் எந்த வரம்பும் கிடையாது. ரணில் 1993 க்கும் 2022 க்கும் இடையில் ஆறு தடவை பிரதமராகப் பதவியேற்றிருக்கிறார். புதிய அரசியலமைப்பு வரைவு வெளிவந்தால் நான் முதலில் தேடப்போவது பிரதமருக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கிறார்களா, அதைத் தூக்க மக்கள் வாக்கெடுப்புக் கட்டாயமா என்ற இரண்டையும்தான்.