பண்புப் பெயரில் எழுத்துப்பிழை: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் 'பேலன்ஸ்' என்ற பண்பை (அட்ரிபியூட்) மாற்றப் போய் 'பேலனஸ்' என்று தட்டிவிட்டேன். எரர் எதுவும் வரவில்லையே, ஏன்?

பதில்: மதிப்பை எடுக்கும்போது பெயர் தவறினால் அட்ரிபியூட் எரர் வரும். 3.10 பதிப்பிலிருந்து, நெருக்கமான பெயர் இருந்தால் அதையும் காட்டும். மதிப்பை வைக்கும்போது கதையே வேறு. ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் டிக்‌ஷனரியில் அந்தப் பெயர் இல்லையென்றால், புதிதாகச் சேர்த்துக்கொண்டு பேசாமல் போய்விடும். பழைய பேலன்ஸ் அப்படியே கிடக்கும். கணக்கு தப்புவது வேறெங்கோ தெரியும்.

கேள்வி: கிளாஸில் ஸ்லாட்ஸ் (அனுமதிக்கும் பண்புப் பெயர்களின் பட்டியல்) போட்டால் தீர்ந்துவிடுமா?

பதில்: பட்டியலில் இல்லாத பெயருக்கு மதிப்பு வைத்தால் எரர் வரும், சரி. ஆனால் மேலே உள்ள ஏதாவது ஒரு கிளாஸில் ஸ்லாட்ஸ் இல்லாவிட்டாலும், கீழே நீட்டிக்கும் கிளாஸில் போட மறந்தாலும் டிக்‌ஷனரி திரும்ப வந்துவிடும், காவல் போச்சு. டேட்டாகிளாஸ் (தரவை வைப்பதற்கான கிளாஸ் வகை) என்றால் 3.10 முதல் 'ஸ்லாட்ஸ்' என்ற தேர்வை ட்ரூ ஆக்கினால் போதும்.

என்னைக் கேட்டால் முதலில் மைபை அல்லது பைரைட் என்ற டைப் சோதனைக் கருவியை வைத்துச் சோதியுங்கள், ஸ்லாட்ஸ் அப்புறம். நிரலை ஓட்டும் முன்பே பிழை சிக்கிவிடும். டைப் குறிப்பே இல்லாத ஃபங்ஷனுக்குள் மைபை இயல்பாக எட்டிப்பார்க்காது. அதற்கான தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: செட்அட்டர் மெத்தடை நானே எழுதித் தடுக்கலாமா?

பதில்: முடியும். ஒவ்வொரு முறை மதிப்பு வைக்கும்போதும் அது ஓடும், வேகம் குறையும். வேறு வழி இருக்கும்போது எதற்கு?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் என்ன செய்வது?

பதில்: அங்கே படிக்கும்போதுகூட எரர் கிடையாது, அன்டிஃபைன்ட்தான் வரும். ஆப்ஜெக்ட் சீல் புதுப் பண்பு சேர்வதைத் தடுக்கும். ஆனால் ஸ்ட்ரிக்ட் மோடு (விதிகளைக் கண்டிப்பாக்கும் முறை) இல்லையென்றால் எரர் காட்டாமல் சத்தமின்றித் தடுத்துவிடும். தவறான பெயரைப் படிப்பதைப் பிடிக்க சீல் உதவாது. ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையும் சேர்ந்த டைப்ஸ்கிரிப்ட், படிப்பது வைப்பது இரண்டிலும் பிழையைப் பிடிக்கும்.

கேள்வி: பிஎச்பி?

பதில்: 8.2 முதல், அறிவிக்காத பண்பை உருவாக்கினால் டெப்ரிகேட்டட் (இனி கைவிடப்படும் வசதி) எச்சரிக்கை வரும். அதை மறைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: பைத்தானில் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறது, நிஜத்தில் பெயர்ப்பிழை. எப்படி?

பதில்: மாக் ஆப்ஜெக்ட் (டெஸ்டில் அசலுக்குப் பதிலாக நிற்கும் போலி) பயன்படுத்துகிறீர்களா? எந்தப் பெயரைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று இன்னொரு மாக்கைத் தந்துவிடும். ஆட்டோஸ்பெக் (அசல் கிளாஸைப் பார்த்து மாக்கை அமைக்கும் தேர்வு) போடுங்கள், அசல் கிளாஸில் இல்லாத பெயரைக் கேட்டதும் டெஸ்ட் விழும். ஆப்ஜெக்டைத் தொடங்கிவைக்கும் இனிட் மெத்தடுக்குள் மட்டும் உருவாகும் பண்புகள் அதற்குத் தெரியாது, அவற்றை நீங்களே வைக்க வேண்டும்.