பார்வையாளர் கையெழுத்திட்ட சீட்டில் மை ஈஷாமல் வித்தையை எப்படித் தொடர்வது?

சீட்டுக்கட்டு வித்தையில் பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிய சீட்டைக் கட்டுக்குள் வைத்தால் மை பக்கத்துச் சீட்டில் ஒட்டிக்கொள்கிறது என்கிறீர்கள். முதலில் பேனாவைப் பாருங்கள். சீட்டின் மேல் வழவழப்பான பூச்சு இருப்பதால் பால்பாயிண்ட் சரியாக எழுதாது. அழுத்தினால் முதுகில் தடம் விழுந்து அந்தச் சீட்டு தனியாகக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர்தான் சரி.

அதற்கும் காய நேரம் வேண்டும். நான் சீட்டை உடனே செருகமாட்டேன். "உங்க கையெழுத்துதானே? எல்லாருக்கும் காட்டுங்க" என்று அவர் கையிலேயே விட்டுவிடுவேன். அவர் பெருமையாகக் காட்டி முடிக்கும் 10, 15 விநாடியில் மை காய்ந்துவிடும். இதைப்போல இன்னொரு சீட்டு இருக்க முடியாது என்பதும் எல்லார் மனதிலும் பதியும். கையெழுத்து வாங்குவதே அதற்குத்தானே! மார்க்கரைப் பைக்குள் வைக்கக் கை போவதையும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்த நொடியை என்ன செய்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ராஜா, ராணி வந்தால் படத்துக்குள் கையெழுத்து தொலைந்துவிடும். இரண்டு, மூன்று போல வெள்ளை இடம் அதிகமுள்ள சீட்டு நல்லது. கடைசியில் சீட்டை அவருக்கே கொடுத்துவிடுங்கள். கட்டில் 51தான் மிஞ்சும். அதே முதுகுள்ள பழைய கட்டு ஒன்று கைவசம் இருந்தால் ஈடுகட்டலாம்.