மோசமான வானிலையில் விமானி யாரிடம் என்ன பேசுகிறார்? ஓய்வுபெற்ற கேப்டனின் பதில்கள்

உள்நாட்டுத் தடங்களில் ஏர்பஸ் ஏ320 ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். புயல், மழை நேரத்தில் விமானி அறைக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் இடையே நடப்பதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடும் நேரத்தில் ஆட்டம் கண்டு மீண்டும் மேலே ஏறிய காணொளியைப் பார்த்தேன். விமானி தடுமாறிவிட்டாரா?

பதில்: தடுமாறியது விமானம்தான். விமானி எடுத்தது சரியான முடிவு. அதற்கு ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். எஞ்சினுக்கு முழு விசை, மூக்கை உயர்த்துவது, ஃபிளாப்பை (இறக்கையின் பின்புற மடலை) ஒரு படி குறைப்பது, ஏறுவது உறுதியானதும் சக்கரங்களை மடக்குவது என்று வேலைகள் அடுத்தடுத்து ஓடும். ரேடியோ அதன் பிறகுதான். நல்ல கட்டுப்பாட்டாளர் அதுவரை வாய் திறக்க மாட்டார். உடனே காரணம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘ஸ்டேண்ட்பை’ (பொறுங்கள்) என்பதுதான் பதில்.

கேள்வி: தானியங்கி முறையில்தானே பறக்கிறீர்கள்? அப்படி என்ன வேலைச்சுமை?

பதில்: நியாயமான சந்தேகம், தம்பி. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணித்தபடி ரேடியோவில் பேசுவார். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னைக்கு இறங்குகிறோம் என்று வையுங்கள். 07 ஓடுபாதைக்கு எல்லாம் தயார் செய்தாகிவிட்டது. நிலையத்தின் மேலேயே ஓர் இடிமேகம் வந்து நிற்க, அதிலிருந்து இறங்கும் காற்று திசையை மாற்றுகிறது. ‘இனி 25’ என்கிறார்கள், அதாவது அதே ஓடுபாதையில் எதிர்த்திசையிலிருந்து இறங்க வேண்டும். இப்போது கணினியில் புதிய பாதையை ஏற்ற வேண்டும். ஈரமான ஓடுபாதையில் நிற்க எவ்வளவு தூரம் தேவை என்று மீண்டும் கணக்கிட வேண்டும். பெங்களூருக்கோ திருச்சிக்கோ திரும்ப எரிபொருள் மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். இதற்கிடையே விமானத்தின் வானிலை ரேடாரின் கோணத்தை ஏற்றி இறக்கி மேகத்தைத் துழாவுகிறோம், பணிப்பெண்களை உட்காரச் சொல்கிறோம். காதில் ஒரு குரல் புதிய உயரம், புதிய வேகம், புதிய அலைவரிசை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சு கூடாது என்ற விதி இதற்காகத்தான்.

கேள்வி: கட்டுப்பாட்டு மையத்தின் ரேடாரில் மேகம் தெரியாதா? அவர்களே வழி சொல்லலாமே?

பதில்: பெரும்பாலோர் நினைப்பதுபோல் தெரியாது. அவர்கள் திரையில் முக்கியமாகத் தெரிவது, விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்கும்போது விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும் கருவி) அனுப்பும் பதில். சில மையங்களில் வானிலைப் படமும் வரும், ஆனால் சற்றுத் தாமதமாக. எங்கள் மூக்கிலுள்ள ரேடாரோ மழைத்துளிகளைக் காட்டும். அதற்கும் குறை உண்டு. உலர்ந்த ஆலங்கட்டி அதில் மங்கலாகத்தான் தெரியும். கனமழைக்குப் பின்னால் இருப்பதை அந்த மழையே மறைத்துவிடும். திரையில் கறுப்பாக இருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று நம்பி நுழைவது ஆபத்து.

ஆகவே ‘வானிலை காரணமாக இடப்புறம் 20 மைல் விலக வேண்டும்’ என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் பின்னால் வரும் அனைவரும் அதையே கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒற்றையடிப் பாலம் மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற ஒலிதான் மிச்சம்.

கேள்வி: எரிபொருள் தீரும் நிலையிலும் விமானிகள் சொல்லத் தயங்குவார்களா?

பதில்: தயங்கியிருக்கிறார்கள். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வட்டமடிக்க வைக்கப்பட்டது. ரேடியோவில் பேசியவர் துணை விமானி. ‘முன்னுரிமை வேண்டும்’ என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போக எரிபொருள் போதாது என்றும் சொன்னார். அது அடுத்த கட்டுப்பாட்டாளருக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. முதல் முறை இறங்க முயன்றபோது காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறியதால் தாழ்ந்துபோய், மீண்டும் ஏற வேண்டியதாயிற்று. அவசரநிலை என்று சொல்லச் சொன்னார் கேப்டன். சொல்லிவிட்டதாகத் துணை விமானி பதிலளித்தார். கட்டுப்பாட்டாளர் காதில் விழுந்ததோ, எரிபொருள் தீர்ந்துவருகிறது என்ற ஒரு தணிந்த வாக்கியம்தான். சுமார் 15 மைல் சுற்றிவர எரிபொருள் போதுமா என்று கேட்டபோதும் மறுப்பு வரவில்லை. நான்கு எஞ்சின்களும் அணைந்தன. லாங் ஐலண்டில் விழுந்து, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இன்று இதற்குத் திட்டமான அழைப்புகள் உள்ளன. இனித் தாமதம் தாங்காது என்றால் ‘மினிமம் ஃபியூயல்’. இறங்கும்போது, 30 நிமிடம் பறப்பதற்கென ஒதுக்கிய இறுதி எரிபொருள் இருப்பில் கை வைக்க நேரும் என்றால் ‘மேடே’ என்ற அவசரநிலை அழைப்பு மூன்று முறை, கூடவே ‘ஃபியூயல்’. ஆனால் சொல்ல வாய் வர வேண்டுமே! நம் இளம் விமானிகளிடமும் இந்த அடக்கம் உண்டு. கேப்டனைத் திருத்துவதற்கு முன் இரண்டு ‘சார்’ போடுவார்கள். ரேடியோவில் பணிவு காட்டுவதை நான் கண்டித்திருக்கிறேன்.

கேள்வி: 2025 மே 21 அன்று டெல்லி–ஸ்ரீநகர் விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கியதே. அனுமதி மறுக்கப்பட்டால் விமானி மீறக் கூடாதா?

பதில்: உயிருக்கு ஆபத்து என்றால் எந்த விதியையும் மீற கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. அன்றைய நிலைமை வேறு. இடப்புறம் இருந்தது சர்வதேச எல்லை. இந்திய விமானங்களுக்கு மூடப்பட்ட பாகிஸ்தான் வான்வெளி. விலகிச் செல்ல விமானப்படைக் கட்டுப்பாடும் மறுத்தது, பாகிஸ்தானின் லாகூர் கட்டுப்பாட்டு மையமும் மறுத்தது. திரும்ப நினைத்தபோது மேகம் நெருங்கிவிட்டதால் ஊடுருவிச் செல்ல முடிவெடுத்தார்கள். உள்ளே தானியங்கி இயக்கம் விலகியது. ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் விமானம் கீழிறங்கியது என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கூறியது. கையால் ஓட்டி, மூக்கு சேதமான நிலையில், யாருக்கும் காயமின்றி இறக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இளையவர்களுக்கு ஒன்று: அனுமதியைத் தொலைவில் இருக்கும்போதே கேளுங்கள். அப்போதுதான் மறுத்தாலும் திரும்ப இடம் இருக்கும்.

கேள்வி: மின்னல் தாக்கினால்?

பதில்: பெரும்பாலும் வெளித்தோல் வழியாகவே போய்விடும். தரையிறங்கியதும் பொறியாளர்கள் சோதிப்பார்கள்.

கேள்வி: கேப்டன், விமானம் குலுங்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் எங்களுக்குத் தைரியமாக இருக்குமே. ஏன் அமைதியாகிவிடுகிறீர்கள்?

பதில்: முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும், பிறகு வழி பார்க்க வேண்டும், அடுத்தது கட்டுப்பாட்டாளரிடம் பேச வேண்டும். அம்மா, நீங்கள் அதற்கும் பிறகுதான்! முன்கூட்டியே தெரிந்தால் குலுக்கலுக்கு முன்பே அறிவிப்போம். சொல்லாமல் வருவதும் உண்டு என்பதால், இருக்கைப் பட்டை அணியச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் பட்டையைக் கழற்றாதீர்கள்.